உள்ளூர் விலை

வேன் காசு ஒண்டுதான்; போக வேண்டிய இடம் ரெண்டு.
கடலும் வேணும், காடும் வேணும் எண்டார்
ஒஸ்லோவில் இருந்து வந்த அண்ணன்.
வங்கியில் வேலை பார்க்கிற புத்தி எனக்கு,
ஒரு தாளை மடித்துக் கோடு போட்டேன்:
முதல் நாள் அறுகம்பை, அங்கேயே படுக்கை.
மறுகா சியம்பலாண்டுவையில் கிறுகி இங்கினியாகல,
படகு, யானை.
பொழுதுபட அம்பாறை, கல்முனை, களுவாஞ்சிகுடி.
அண்ணிக்கு லீவு இல்லை. ஆகவே ஐந்து பேர்,
ஓட்டுகிற நவ்ஷாத்தோடு ஆறு.

ஈஸ்டர் எண்டால் அங்கே மலைக்குப் போவார்களாம்.
நிக்லாஸ் போனில் காட்டினான்:
நீலச் சட்டை, காலில் ரெண்டு நீளப் பலகை,
பின்னால் வெள்ளையைத் தவிர ஒண்டுமில்லை.
"விழுந்தா நோகாதா?" எண்டாள் என்ர மகள் விதுர்ஷா.
"விழத்தான் முதல்ல சொல்லித் தருவாங்க."

அறுகம்பையில் ஒரு பலகை, ஒரு மணித்தியாலம்,
பிள்ளைகள் மாறி மாறி.
இர்ஃபான் மெழுகு தேய்த்தான்,
மணலில் படுக்கவைத்து எழும்பப் பழக்கினான்.
பனியில் பறக்கிற நிக்லாஸ்
தண்ணியில் பதினொரு தரம் விழுந்தான்.
எண்ணினேன், தொழில் பழக்கம்.
விதுர்ஷாவின் மூக்கு நிறைய உப்பு.
கரையில் நிண்டு அவன் கத்தினான்,
தனக்குத் தெரிந்த ஒரே பாடத்தை:
"முழங்கால மடி! பயந்தா நிமிருவாய்!
நிமிர்ந்தா விழுவாய்!"
மூண்டு செக்கன் நிண்டாள்.
அவர் வீடியோ எடுத்தார், பெருவிரலால் கண்ணாடியை மூடிக்கொண்டு.
மிஞ்சியிருப்பது அலைச் சத்தமும்
"ஐயோ ஐயோ" எண்டு நான் சிரிக்கிறதும்.

இங்கினியாகல கவுண்டரில் ரெண்டு விலைப் பலகை.
அண்ணன் நல்ல சிங்களத்தில் சொன்னார்:
ஒரே குடும்பம், களுவாஞ்சிகுடி ஆக்கள்.
அடையாள அட்டை கேட்டார்கள்.
சிவப்புப் பாஸ்போர்ட்தான் வந்தது பையிலிருந்து.
அதில் பிறந்த இடம் மட்டக்களப்பு எண்டு இருந்தது,
அந்த வரியை விரலால் காட்டினார்.
அதிகாரி பாவம், தலையைச் சொறிந்தார்,
மறுகா குனிந்து எழுதினார்:
வெளிநாடு, ரெண்டு.
என்ர தாளில் அப்படி ஒரு வரி இல்லை.
"மச்சான், குடுத்த காசுக்கு
யானை உனக்குக் கூட ஆட்டிக் காட்டோணும்" எண்டார் என்னவர்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
படகில் ஏறி, லைஃப் ஜாக்கெட் பூட்டி,
கரை சின்னதாகப் போன பிறகு
அண்ணன் தனியாகச் சிரித்தார்.

தண்ணிக்குள் செத்த மரங்கள் நிண்டபடி நிற்க,
ஒவ்வொரு கொப்பிலும் ஒரு நீர்க்காகம் சிறகு காயவைத்தது.
ஓட்டி எஞ்சினை நிப்பாட்டினான்.
முதலில் தெரிந்தது தும்பிக்கை மட்டும்,
ஆரோ அடியில் இருந்து குழாய் பிடித்தது போல.
பிறகு ஒரு கறுத்த முதுகு.
பிறகு அதன் பக்கத்தில்
ஆழமில்லாத பக்கமாய் ஒதுக்கப்பட்ட ஒரு சின்ன முதுகு.
இந்தத் தீவில் புல் முடிந்திருக்கும்,
மற்றத் தீவுக்குப் போகினம்.
நிக்லாஸ் தன்ர பாஷையில் ஏதோ சொன்னான்.
நாங்கள் கேட்கவில்லை, அவன் விளக்கவுமில்லை.

அண்ணன் கையைத் தண்ணிக்குள் விட்டார்.
"இதுதானே வாய்க்காலால நாவிதன்வெளிக்கு வாற தண்ணி?"
"ஓம்."
"அப்பாட வயல்?"
"குத்தகையில. போன போகம்
கடைசி வரவைக்குத் தண்ணி எட்டல்ல."
கையை எடுத்தார். துடைக்கவில்லை.

கல்முனையில் நவ்ஷாத் ஆறு பிளேன்டீ சொன்னான்.
காசு குடுக்க நானும் அண்ணனும் ஒண்டாய் எழும்பினோம்.
"எத்தனை?" எண்டார் அண்ணன், சண்டைக்குப் போகிற குரலில்.
கடைக்காரர் பயந்து போய்
ஒரு ரொட்டிக்குக் காசு வாங்க மறந்தார்.

வேனுக்குள் பிள்ளைகள் நித்திரை.
விதுர்ஷாவின் காதுக்குள் இன்னும் மணல்.
நவ்ஷாத் மாட்டுக்கு பிரேக் போடுகிற ஒவ்வொரு தரமும்
கண் திறக்காமலே
நிக்லாஸின் முழங்கால் மடிகிறது.